கோழிக்கால் பொத்தான்

அத்தியாயம் 14

வருவாரா, மாட்டாரா என்று ஒரு வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடலாம். சித்தப்பா வந்துவிட்டார். எட்டரைக்கு வரச் சொன்னால் எட்டு பத்துக்கே வந்து, கக்கத்தில் ஒரு துணிப்பையோடு படப்பிடிப்புக் கிடங்கின் வாசலில் நின்றார். உள்ளே வந்து உட்காருங்கள் என்று காவலாளி இரண்டு தடவை சொல்லியும் கேட்கவில்லை. முப்பது வருஷமாக அண்ணன் வீட்டு வாசலைத் தாண்டாத மனுஷன். நின்று பழகிவிட்டது.

இந்த வாரம்தான் வந்து சேர்கிறவர்களும் இருப்பீர்கள். உங்களுக்காக நாலு வரி.

சித்தப்பா தையல்காரர். அவருடைய அண்ணன் எழுத்தாளர். காலமாகி நான்கு வருஷம் ஆகிறது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அண்ணன் ஒரு வாரப் பத்திரிகையில் எழுதிய கொலைக்கதை இன்னும் அச்சில் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது அது சினிமாவாகிறது. கதையில் பெரிய வீட்டுக்காரர் ஒருவர் செத்துக் கிடப்பார். அவருடைய மூடிய கைக்குள் ஒரு சட்டைப் பொத்தான். நாலு துளைப் பொத்தானை எல்லாரும் பெருக்கல் குறி மாதிரித் தைப்பார்கள், இல்லையென்றால் இரண்டு கோடாகத் தைப்பார்கள். இதிலோ ஒரே துளையிலிருந்து மற்ற மூன்று துளைக்கும் நூல் விரிந்து, ஈர மண்ணில் கோழி கால் வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். கோழிக்கால் தையல். அப்படித் தைக்கிற ஆள் செத்தவரின் தம்பி. தையல்காரர்.

எழுதினவருக்கும் ஒரு தம்பி. அவரும் தையல்காரர். அவர் கடையில் தைத்த சட்டை ஒவ்வொன்றிலும் கோழிக்கால். ஊருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அந்த வாரமே அவருக்குப் 'பொத்தான்' என்று பேர் விழுந்தது. அவர் எதிரே வந்தால் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்ட பெரிய மனிதர்கள் எல்லாம் இருந்தார்கள். பேசி முடித்து, தேதியும் குறித்திருந்த அவருடைய கல்யாணம், பத்திரிகையில் கடைசி அத்தியாயம் வந்த மறுநாள் நின்றுபோனது. பெண் வீட்டார், கதை வேறு நிஜம் வேறு என்று தெரிந்த படித்த மனிதர்கள்தான். "ஒண்ணுமில்லாமலா சொந்த அண்ணனே எழுதுவார்?" என்று மட்டும் கேட்டார்களாம்.

அதற்கப்புறம் அவர் கடைச் சட்டைகளில் கோழிக்கால் மறைந்து பெருக்கல் குறி வந்தது. பார்த்தாயா, கொலைகாரன் தடயத்தை மாற்றிவிட்டான் என்று அதற்கும் சிரித்தார்கள்.

இனி இன்றைய நாள்.

எழுத்தாளரின் ஒரே மகளுக்குப் படப்பிடிப்பில் 'குறிப்பு' என்று பேர். ஒரு ஷாட்டில் தேநீர்க் கோப்பை எந்தக் கையில் இருந்தது, சுவர்க் கடிகாரத்தில் மணி என்ன, மேல்பொத்தான் போட்டிருந்ததா திறந்திருந்ததா என்று எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவைத்து, அடுத்த ஷாட்டிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. அடுத்தவர் வீட்டுக் கொடியில் என்ன காய்கிறது என்று பார்க்கிற கண்ணுக்குச் சம்பளம் கொடுத்து உட்காரவைத்தால் அதுதான் குறிப்பு.

சித்தப்பாவைப் படத்துக்கு உடை தைக்க வரவழைத்தது அவள்தான். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், அம்மாவுக்கு அறுபத்தைந்து ஆகிறது, இவர்கள் எல்லாரும் இன்னும் எத்தனை நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பார்கள் என்பது அவள் கணக்கு. நல்ல எண்ணம்தான். குடும்பத்தில் பாதி வினை நல்ல எண்ணத்தில் வருவது.

முதல் ஷாட்டே தையல் கடை செட்டில். கொலைகாரன் உதிர்ந்த பொத்தானுக்குப் பதில் வேறொன்றைத் தைக்கிறான். கேமரா கையை மட்டும் பார்க்கிறது. கொலைகாரனாக நடிக்கிறவர் ஆறடி உயரம், குரலில் இடி. ஊசியில் நூல் கோக்கத் தெரியவில்லை. நாலாவது தடவை விரலில் குத்திக்கொண்டு, சட்டையில் ரத்தம் சிந்தி, "கொலை பண்ணச் சொல்லுங்க சார், பண்றேன். இது வேண்டாம்" என்றார்.

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, இஸ்திரி மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்த சித்தப்பாவின் கைகளைப் பார்த்தார்.

குறிப்பு நோட்டிலிருந்து நிமிர்ந்தாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் டைரக்டர் கேட்டேவிட்டார். கை மட்டும்தான் வரும், முகம் வராது, இரண்டு நிமிஷ வேலை. கேட்ட விதத்தில் தப்பில்லை. யாரிடம் கேட்கிறோம் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

சித்தப்பா கக்கத்துப் பையை மேஜைமேல் வைத்தார். கொலைகாரனின் சட்டையைப் போட்டுக்கொண்டு (அவரே முன்கூட்டித் தைத்து அனுப்பியது, அவருக்கே பொருந்தியது), மெஷின் முன்னால் உட்கார்ந்தார். விளக்கு எரிந்தது. அவர் நூலைக் கோத்த வேகத்தைப் பார்த்து விளக்குக்காரர் விசிலடித்தார். ஊசி உள்ளே போய் வெளியே வந்து நாலு குத்தில் முடிந்தது. நூலைச் சுற்றி, முடிச்சிட்டு, அறுத்தார். அழகான வேலை.

பெருக்கல் குறி.

"சித்தப்பா, கோழிக்கால்" என்றாள் குறிப்பு மெதுவாக.

"எனக்கு அந்தத் தையல் வராதும்மா."

யாரோ சிரித்தார்கள். டைரக்டரும் சிரித்தார். பிறகு சித்தப்பாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"உங்க கடைச் சட்டையில எல்லாம் அதுதானே இருந்துச்சு?" என்றாள் அவள்.

"இருந்துச்சு. நான் போட்டதில்லை."

"அப்ப யாரு போட்டது?"

"யாரோ. கடைன்னா நாலு பேர் கை படும். இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கு?"

முப்பது வருஷமாக அந்தத் தையலின் பேரால் ஊர் அவரைக் கூப்பிடுகிறது. அது யார் கை என்று அவருக்கு ஞாபகம் இல்லையாம். இவ்வளவு மோசமாகப் பொய் சொல்கிற ஒருத்தரையா கொலைகாரன் என்று நம்பினார்கள் என்று குறிப்புக்குத் தோன்றியது.

டைரக்டர் விடுகிற ஆளில்லை. சாப்பாட்டு இடைவேளை விட்டுவிட்டு அவளைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது. நாவலில் இருக்கும் தடயம் தப்பென்றால், உண்மையான கை யாருடையது? படத்துக்கு முன்னால் இதை ஒரு பேட்டியில் சொன்னால் எப்படி இருக்கும்? 'கதைக்குப் பின்னால் இருக்கும் நிஜக் கதை.' கண்டுபிடித்துச் சொல், நீ வீட்டு ஆள்தானே என்றார்.

அவள் தலையாட்டிக்கொண்டே பேனாவை மூடினாள். அப்போதுதான் தன் சட்டைக் கைமடிப்பைப் பார்த்தாள்.

போன வாரம் அந்தப் பொத்தான் உதிர்ந்துவிட்டது. அம்மா, கழற்றாதே, கையை நீட்டு என்று சொல்லி, அவள் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே தைத்து முடித்தாள். ஊரில் இருக்கிறவன் பொத்தானை எல்லாம் நோட்டில் எழுதுகிறவள் தன் மணிக்கட்டைப் பார்த்ததில்லை.

ஒரே துளையிலிருந்து மூன்று கோடு.

வீடு ஆட்டோவில் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷமும் அவளுக்கு ஒரு தகர டப்பாதான் ஞாபகம் வந்தது. மூன்று வயதிலோ நான்கு வயதிலோ அதை வைத்து விளையாடியிருக்கிறாள். உள்ளே நூறு, இருநூறு பொத்தான். எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே அளவு. எந்த வீட்டில் ஒரே மாதிரி இருநூறு பொத்தான் இருக்கும்? குழந்தைக்கு இந்தக் கேள்வி தோன்றாது. குறிப்புக்கு முப்பது வருஷம் கழித்துத் தோன்றியது.

அம்மா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் என்ன, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். குறிப்பு பதில் சொல்லாமல் மணிக்கட்டைத் திருப்பி அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

அம்மா அதைப் பார்த்தாள். குழாயை மூடினாள். கையைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள், காய்ந்த கையையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு உட்கார்ந்து சொன்னது இது. அந்தக் காலத்தில் அப்பா எழுதிக்கொண்டிருந்தார், யாரும் போடவில்லை. அடுப்பு எரியவேண்டுமே. கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்க, பொத்தான் கட்ட சித்தப்பாவுக்கு ஆள் தேவைப்பட்டது. என் பெண்டாட்டி நாலு பேர் சட்டைக்குப் பொத்தான் கட்டுவதா என்று அப்பா ஒரு தடவை பாத்திரத்தைத் தூக்கிப் போட்டிருக்கிறார். அதனால் அவர் நூலகத்துக்குப் போன பிறகு பின்வாசல் வழியாகத் தலையணை உறையில் சட்டைகள் வரும். அவர் திரும்புவதற்குள் போய்விடும். கோழிக்கால் அம்மா தன் பிறந்தவீட்டில் கற்றுக்கொண்டது. சீக்கிரம் முடியும், அறுந்து விழாது.

அப்பா நின்று, நிமிர்ந்து, நுணுகிப் பார்க்கிற எழுத்தாளர். தம்பி கடைச் சட்டையில் அந்தத் தையலைப் பார்த்தார். தம்பியின் கை என்று எடுத்துக்கொண்டார். தன் சட்டையிலும் அதே தையல்தானே, அதுவும் அந்தக் கடைச் சட்டைதானே. பெண்டாட்டியின் விரலை அவர் பார்த்ததே இல்லை.

"கதையில வந்தப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னா எழுதறதை நிறுத்திடுவார். முதமுதலா ஒரு பத்திரிகை அவரைப் போடுது. வாசல்ல போறவன்லாம் அடுத்த வாரம் என்னன்னு கேக்கறான். அந்த மனுஷன் சிரிச்சு நான் அப்பதான் பாத்தேன்."

"சித்தப்பா கல்யாணம்?"

அம்மா கை துடைத்த துணியை மடித்து மடியில் வைத்தாள்.

"கடைசி அத்தியாயத்துக்கு முந்தின வாரம் பின்வாசல்ல வந்து நின்னார். அண்ணி, பொண்ணு வீட்டுல கடைசி அத்தியாயம் வரட்டும்னு இருக்காங்க, நீங்க ஒரு வார்த்தை வந்து சொன்னா போதும்னார். நான்... ஒரு வாரம் பொறுங்க, அண்ணன்கிட்ட சொல்லி கொலைகாரனையே மாத்தச் சொல்றேன்னு சொன்னேன்."

"சொன்னியா?"

"தினமும் காப்பியை வச்சுட்டு பக்கத்துல நிப்பேன். என்னம்பார். ஒண்ணுமில்லைம்பேன்."

"சித்தப்பா?"

"ஒரு வாரம் காத்திருந்தார்" என்றாள் அம்மா. "நான் சொன்னா செய்வேன்னு நம்பிட்டார்."

குறிப்புக்கு அழவேண்டும் போலவும் இருந்தது, கத்தவேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை. சுவரில் அப்பாவின் படம், கையில் பேனாவோடு. அந்தச் சட்டையின் மேல்பொத்தானைப் பார்க்கவேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

"அதுக்கப்புறம் உன் சித்தப்பா கண்ணைப் பாக்க முடியலை. அவரும் வரலை. முகத்தைத் திருப்பிக்கிட்டது அவர் இல்லடி. நான்."

அம்மா அழுதாள். மகள் தண்ணீர் மொண்டு பக்கத்தில் வைத்தாள், தோளைத் தொடாமல் வெளியே வந்தாள். ஆட்டோ ஏறி இரண்டு தெரு தாண்டிய பிறகு, தொட்டிருக்கலாம் என்று நினைத்தாள்.

கிடங்குக்குத் திரும்பியபோது சித்தப்பா கொலைகாரனின் சட்டையோடே உட்கார்ந்து, பையில் கொண்டுவந்த சாப்பாட்டைச் சாப்பிட்டு முடித்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். புரிந்துகொண்டதை மறைக்க டப்பாவைத் துடைத்தார்.

"அண்ணி நல்லா இருக்காங்களா?" என்றார்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். டைரக்டரிடம் சொல்லப்போவதாகச் சொன்னாள். உங்கள் பேரில் இருக்கும் அழுக்கைத் துடைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது, எத்தனை பேர் சிரித்தார்களோ அத்தனை பேரும் படம் பார்ப்பார்கள், தெரிந்துகொள்ளட்டும். மூச்சுவிடாமல் பேசினாள். அவர் ஒரு நூல் துண்டை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"தெரிஞ்சுகிட்டு?"

அவள் கைமடிப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அந்தப் பொண்ணுக்குப் பேரப்பிள்ளை எடுத்தாச்சு. எனக்கு ஆகவேண்டியது ஒண்ணுமில்லை. ஆனா நாளைக்கு என்ன பேசுவாங்க தெரியுமா? பெரிய எழுத்தாளர், பெண்டாட்டி பொத்தான் கட்டி அவருக்குச் சோறு போட்டிருக்கா, அதுகூடத் தெரியாம உட்கார்ந்து துப்புத் துலக்கியிருக்கார்னு சிரிப்பாங்க. சிரிச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்மா. எங்கண்ணனை விடமாட்டேன்."

"அவரு உங்களை விட்டாரே."

"அவருக்குத் தெரியாதே" என்றார் சித்தப்பா. இத்தனை வருஷமாகத் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை போல, தேய்ந்து வழவழப்பாக வந்தது. "கையை நீட்டு."

நீட்டினாள்.

அவர் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டு, அவள் மணிக்கட்டை வெளிச்சத்துக்குத் திருப்பினார். பொத்தானைக் கட்டைவிரலால் தடவினார். ஒரு தடவை. மடிப்பைப் புரட்டி, அடியில் நூல் எங்கே தொடங்கியிருக்கிறது, எங்கே முடிந்திருக்கிறது என்று பார்த்தார்.

"இன்னும் கை மாறலை" என்றார். "முடிச்சை உள்பக்கம் ஒளிச்சுவைப்பாங்க."

பிறகு ஒரு பழந்துணியை எடுத்து, பார்த்துப் பார்த்து அதே மாதிரி குத்தினார். முதல் தடவை கோணிக்கொண்டது. பிரித்தார். முப்பது வருஷமாக யாருக்காகப் பழி சுமந்தாரோ அவருடைய தையலை, அறுபது வயதில், அண்ணன் மகளின் மணிக்கட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். மூன்றாவது தடவை வந்துவிட்டது.

"வேணாம் சித்தப்பா."

"முப்பது வருஷம் ஆச்சு. இது ரெண்டு நிமிஷம்."

எழுந்து டைரக்டரிடம் போனார். காலையில் தடுமாறிவிட்டது, விட்டுப் போன பழக்கம் இல்லையா, இப்போது ஞாபகம் வந்துவிட்டது என்றார். டைரக்டர் துணியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பேட்டி கைநழுவிப் போனதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் நேரம் போய்க்கொண்டிருந்தது. சினிமாக்காரருக்கு அதைவிடப் பெரிய வருத்தம் கிடையாது.

விளக்கு எரிந்தது. கேமரா ஓடியது. கை தைத்தது. ஒரே துளையில் மூன்று தடவை ஊசி இறங்கியது, அவசரமில்லாமல், தப்பில்லாமல். முடிச்சை உள்பக்கம் ஒளித்து நூலை அறுத்ததும் டைரக்டர் ஓகே சொன்னார். விளக்குக்காரர் இந்தத் தடவை விசிலடிக்கவில்லை. கொலைகாரனாக நடிக்கிறவர் கிட்டே வந்து, "அசல் கொலைகாரன் கை சார்" என்று பாராட்டினார். பாவம், மனதாரத்தான் சொன்னார்.

சித்தப்பா சிரித்தார். குறிப்பு நோட்டைத் திறந்தாள். ஷாட் எண் எழுதினாள். சட்டை: சாம்பல். பொத்தான்: கோழிக்கால். அதற்கடுத்த கட்டத்தில், நடிகர் அல்லாதவர் கை என்றால் யார் கை என்று பேர் எழுதவேண்டும். படத்தின் முடிவில் அந்தப் பேர் திரையில் வரும். பேனா அங்கே நின்றது.

வாசலில் பேச்சுச் சத்தம். காவலாளி யாரையோ தடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே ஷூட்டிங் நடக்குதும்மா, நீங்க யாரு என்றார்.

"நானா?" என்றது அம்மாவின் குரல். "பொத்தான் தைக்கிறவ."

காவலாளிக்கு என்ன தோன்றியதோ, வழி விட்டார். அம்மா உள்ளே வந்தாள். கையில் அந்தத் தகர டப்பா. வரும் வழியெல்லாம் அதை மார்போடு அணைத்துக்கொண்டு வந்திருக்கவேண்டும், மூடி நெளிந்திருந்தது. இத்தனை பேரையும், விளக்குகளையும், மெஷின் முன்னால் கொலைகாரனின் சட்டையில் உட்கார்ந்திருந்தவரையும் பார்த்து நின்றாள்.

சித்தப்பா எழுந்து நின்றார். முப்பது வருஷத்துக்குப் பிறகு பேசுகிறவர், பேசவேண்டியதை எல்லாம் விட்டுவிட்டு இதைத்தான் சொன்னார்:

"எடுத்து முடிச்சாச்சு அண்ணி."

அம்மா டப்பாவைக் கீழே வைக்கவில்லை. டைரக்டர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மெல்ல அவர்கள் பக்கம் நகர்ந்தார். நோட்டை வாங்கிப்போக உதவி டைரக்டர் வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார். எல்லாக் கட்டமும் நிரப்பியாச்சா என்று கேட்டார்.

ஒன்று மட்டும் காலி. குறிப்பு அம்மாவைப் பார்த்தாள், சித்தப்பாவைப் பார்த்தாள். பேனாவை மூடவில்லை.